ஸ்டிக்கர் ஒட்டினால் கடல் ரேடியோ ஆகிவிடாது: கயாக்கில் போகிறவர்கள் வாங்கும் முன் படியுங்கள்

மேசையில் என் முன்னால் அந்த ரேடியோ கிடக்கிறது. பின்பக்கம் பேட்டரியைக் கழற்றினால் இரண்டு செம்புத் தகடுகள். ஒன்றில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது. இன்னொன்றின் ஓரம் அரித்துப்போய் நூல் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு தகடுகளுக்கும் நடுவே ஒரு சின்ன இடுக்கு. அதில் டார்ச் அடித்தால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டே தெரிகிறது. ரப்பர் வளையம் இல்லை, அடைப்பு இல்லை, ஒன்றுமே இல்லை. இதைத்தான் ‘நீர்புகாத கடல் ரேடியோ’ என்று எனக்கு விற்றார்கள். இதை நெஞ்சில் மாட்டிக்கொண்டு நான் எட்டு வாரம் கடலுக்குப் போய்வந்தேன்.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் இதே சரக்கு வேறு வேறு பெயரில் வேறு இடங்களிலும் விற்கப்படுகிறது. அதனால் கடையை விட இந்த ஏமாற்று எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

இரண்டு வருடமாகக் கயாக்கில், அதாவது துடுப்புப் போட்டுப் போகும் ஒல்லியான சிறு படகில், கரையை ஒட்டியே போய்வந்துகொண்டிருந்தேன். கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனையைச் சுற்றிப் போகும் நீண்ட பயணங்களுக்கு எங்கள் குழுவில் சேர்ந்தபோது, ஆளுக்கொரு கையடக்க ரேடியோ கட்டாயம் என்றார்கள். நியாயமான விதி. கைபேசி ஈரக் கையில் சரியாக வேலை செய்யாது, கரையை விட்டுத் தள்ளிப் போனால் சிக்னலும் இல்லாமல் போகலாம். ஒரு நீர்விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். விற்பனையாளர் அலமாரியிலிருந்து எடுத்து வைத்தார்.

“இது மரைன் செட் சார். வாட்டர்ப்ரூஃப். தண்ணியில விழுந்தா மிதக்கும். இருபது கிலோமீட்டர் கேட்கும். ஒருதரம் சார்ஜ் போட்டா ரெண்டு நாளைக்குக் கவலையே இல்ல.”

ஐபிஎக்ஸ் எண், அதாவது ஒரு கருவி எவ்வளவு தண்ணீரைத் தாங்கும் என்பதைக் காட்டும் தரக்குறி, என்ன என்று கேட்டேன். “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்றார். அந்த இடத்திலேயே நான் திரும்பியிருக்க வேண்டும். எல்லாம் ஒன்றல்ல. ஐபிஎக்ஸ்4 என்றால் மேலே தண்ணீர் தெறித்தால் தாங்கும், அவ்வளவுதான். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் முங்கிக் கிடந்தாலும் உள்ளே கெடுதல் வராது. ஐபிஎக்ஸ்8 அதையும் தாண்டியது. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே எழுதித் தர வேண்டும். அதிலும் இந்த முங்கும் சோதனைகள் எல்லாம் புது ரேடியோவை அசையாத நல்ல தண்ணீரில் வைத்துச் செய்வது. உப்புத் தண்ணீரும் அலையின் அடியும் அதில் வராது. ஆகவே கயாக்குக்கு 7 என்பதே கீழ்வரம்பு. எண் இல்லாமல் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று மட்டும் அட்டையில் இருந்தால் அந்தச் சொல்லுக்கு எந்த மதிப்பும் இல்லை.

சரி, வாங்கிவிட்டேன். பில்லில் ‘கடல் ரேடியோ, நீர்புகாதது’ என்று எழுதி வாங்கினேன். நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

முதல் வாரத்திலேயே இரண்டு விஷயம் இடறியது. எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர், எல்லோருக்கும் அண்ணன். கரையில் நின்று அவருடன் பேசிப் பார்த்தபோது, “உன் குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்குப்பா” என்றார். சத்தமாகப் பேசு என்றார், பேசினேன், மாறவில்லை. அடுத்து, துறைமுகத்திலிருந்து வானிலை அறிவிப்பு வந்தபோது மற்ற எல்லோருடைய ரேடியோவும் பேசியது, என்னுடையது மட்டும் ஊமையாக இருந்தது. எனக்குத்தான் இயக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். புதிதாகச் சேர்ந்தவன் வேறு எப்படி நினைப்பான்?

இரண்டுக்குமே காரணம் ஒன்றுதான். அது கடல் ரேடியோவே இல்லை. தரையில் பயன்படுத்தும் சாதாரண வாக்கி டாக்கி. 136-லிருந்து 174 மெகாஹெர்ட்ஸ் வரை எந்த அலைவரிசை எண்ணை வேண்டுமானாலும் அதில் அடிக்கலாம். கடல் சேனல்கள் 156-க்கும் 162-க்கும் இடையில் இருப்பதால், யாரோ அந்த எண்களை அதன் நினைவகத்தில் ஏற்றி, மேலே நங்கூரப் படம் போட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டார்கள்.

எண்ணை ஏற்றிவிட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அண்ணன்தான் உட்கார வைத்து விளக்கினார். கடல் ரேடியோவில் சேனல்களுக்கு இடையே 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, குரலும் அதற்கேற்ற அகலத்தில் போக வேண்டும். என் செட் தரை வழக்கப்படி குறுகிய அகலத்தில் அமைக்கப்பட்டிருந்தது, அதனால்தான் கிணற்றுக் குரல். அப்புறம், கடலில் சில சேனல்கள் இரட்டை வழி. நாம் ஓர் அலைவரிசையில் பேசுவோம். கரை நிலையம் அதைவிட 4.6 மெகாஹெர்ட்ஸ் மேலே பேசும். சர்வதேச அட்டவணையில் 20-ஆம் சேனலை எடுத்துக்கொள்ளுங்கள்: நாம் பேசுவது 157.000, கேட்க வேண்டியது 161.600. உண்மையான கடல் ரேடியோவில் 20 என்று வைத்தால் இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும். என் செட் 157.000-இலேயே காதை வைத்துக்கொண்டு காத்திருந்தது. எங்கள் துறைமுகம் வானிலை சொல்வதும் இப்படி ஓர் இரட்டை வழிச் சேனலில்தான்.

இத்தனையும் தெரிந்த பிறகு, அடுத்த சனிக்கிழமை கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ‘அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனல், 156.800, வேலை செய்கிறதே, ஒரு பயணம்தானே’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வெள்ளிக்கிழமை கடலுக்குப் போனேன்.

நாங்கள் மூன்று பேர். முனையைத் தாண்டும்போது காற்று திரும்பிக் கரையிலிருந்து கடலை நோக்கி வீச ஆரம்பித்தது. நான் பின்தங்கினேன். பக்கவாட்டில் உடைந்த ஓர் அலை என்னைக் கவிழ்த்தது. முதல் முயற்சியிலேயே கயாக்கோடு உருண்டு எழுந்துவிட்டேன், தலை தண்ணீருக்குள் இருந்தது ஐந்து விநாடிகூட இருக்காது. மூச்சு வாங்கிக்கொண்டு ரேடியோவைப் பிடித்துப் பேசும் பட்டனை அழுத்தினேன். சிவப்பு விளக்கு ஒரு முறை எரிந்தது. ஸ்பீக்கரிலிருந்து ‘களக்’ என்று ஒரு சத்தம். திரையில் எல்லாக் கோடுகளும் ஒன்றாக எரிந்து 888 என்று காட்டிவிட்டு அணைந்துபோனது. திரும்பத் திரும்ப அழுத்தினேன். ஸ்பீக்கர் ஓட்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அந்தச் சொட்டுகள் என் விரலில் பட்ட உணர்வு இன்னும் போகவில்லை.

மற்ற இருவரும் 400 மீட்டர் முன்னால் இருந்தார்கள். விசில் ஊதினேன், காற்று எதிரே, கேட்கவில்லை. ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்பட்டேன். துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்தேன். அண்ணனுக்கு ஒரு பழக்கம், சில நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி ஆட்களை எண்ணுவார். அந்தப் பழக்கம்தான் என்னைக் கரை சேர்த்தது. வந்து கயிறு கட்டி இழுத்தார். ரேடியோவைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அதை ஒரு வாளித் தண்ணீரில் போட்டேன். கல் மாதிரி நேரே அடியில் போய் உட்கார்ந்தது. ‘மிதக்கும்’ என்றாரே!

கடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விற்பனையாளர் பேட்டரியைக் கழற்றி, தகட்டைப் பார்த்துவிட்டு, “தண்ணி போயிருக்கு சார், வாரண்டி வராது” என்றார். நீர்புகாது என்று பில் போட்ட அதே மேசையில் நின்றுகொண்டு சொன்னார். பில்லைக் காட்டினேன். “உப்புத் தண்ணி சார், அது கணக்குல வராது.” கடல் ரேடியோவுக்கு உப்புத் தண்ணீர் கணக்கில் வராதாம். லைசென்ஸ், அங்கீகாரம் பற்றிக் கேட்டபோது, “ஆபத்துல எவன் சார் லைசென்ஸ் கேட்பான்?” என்றார். இந்தக் கடைசிப் பேச்சு ஆபத்தானது, ஏனென்றால் அதில் பாதி உண்மை. உயிராபத்தில் எந்தக் கருவியையும் பயன்படுத்தலாம் என்று சர்வதேச வானொலி விதிகளே அனுமதிக்கின்றன. ஆனால் அங்கீகாரம் இல்லாத செட்டை வைத்துக் கடல் சேனல்களில் தினமும் பேசுவது பல நாடுகளில் குற்றம். கடல் ரேடியோவுக்கே உரிமமும் இயக்குபவர் சான்றிதழும் கேட்கும் நாடுகள் நிறைய. அதை விற்கும்போது சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது நான் புதிய ரேடியோ வாங்கிவிட்டேன். இந்த முறை ஒன்றரை மணி நேரம் கடையில் நின்றேன், கொஞ்சமும் கூச்சப்படவில்லை. முதலில் இயக்கிப் பார்த்தேன். திரையில் பெரிதாக 16 என்று வர வேண்டும், 156.800 என்று அல்ல. எண் பலகை வைத்து அலைவரிசையை நாமே அடிக்க முடிந்தால் அது கடல் ரேடியோ இல்லை, கீழே வைத்துவிடுங்கள். 16-க்கு ஒரே அழுத்தில் தாவும் தனிப் பட்டன் இருக்கிறதா பார்த்தேன். கையுறை போட்டுக்கொண்டு பேசும் பட்டனை அழுத்திப் பார்த்தேன். கையுறையோடு அழுத்த முடியாத பட்டன் குளிரில் இல்லாத பட்டன்தான். பேட்டரியைக் கழற்றி அடைப்பைப் பார்த்தேன். பிறகு வாளி கேட்டேன். ஐபிஎக்ஸ்8, மிதக்கும் என்று அட்டையில் போட்டிருந்ததால் கடைக்காரர் தயங்காமல் தண்ணீர் கொண்டுவந்தார். மிதந்தது, முகம் மேலே பார்த்தபடி. தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

தூரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லோரும் ஏமாறும் இடம் இது. கடல் ரேடியோ பயன்படுத்தும் விஹெச்எஃப் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்கினால் அதன் எல்லை கிலோமீட்டரில் கிடைக்கும். கயாக்கில் உட்கார்ந்திருக்கும் நம் ஆன்டெனா தண்ணீருக்கு மேல் 1 மீட்டர் இருந்தால் பெரிது. ஆக நம் பங்கு 4 கிலோமீட்டர். எதிரே இருப்பவரும் கயாக்கில் என்றால் இரண்டையும் கூட்டி 8, அதுவும் கடல் கண்ணாடி மாதிரி இருந்தால். இடையில் அலை எழுந்தால் இன்னும் குறையும். கரை நிலையத்தின் ஆன்டெனா 100 மீட்டர் குன்றில் இருந்தால் 41-உம் 4-உம் சேர்ந்து 45. கேட்பது யார், எவ்வளவு உயரத்தில் இருக்கிறார் என்று சொல்லாமல் ‘இருபது கிலோமீட்டர்’ என்பது வெறும் பேச்சு. ரேடியோவின் சக்தி 5 வாட்டானாலும் 6 வாட்டானாலும் இந்த வளைவைத் தாண்டாது. பேட்டரிக் கணக்கும் அப்படித்தான்: 5 பங்கு பேச்சு, 5 பங்கு கேட்பு, 90 பங்கு சும்மா இருப்பது என்று வைத்துத்தான் மணி நேரம் போடுவார்கள். அழைத்துக்கொண்டே இருந்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

முடிந்தால் டிஎஸ்சி-யும் (பேசாமலே டிஜிட்டல் முறையில் அவசர அழைப்பு அனுப்பும் வசதி) ஜிபிஎஸ்-உம் உள்ளதாக எடுங்கள். மூடியைத் தூக்கிச் சிவப்புப் பட்டனை அழுத்திப் பிடித்தால், நீங்கள் இருக்கும் இடத்தோடு அழைப்பு 70-ஆம் சேனலில் தானாகப் போகும். நான் கவிழ்ந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்த நேரத்தில் என் இடத்தை யாருக்காவது வாயால் சொல்லியிருக்க முடியுமா என்று யோசித்துப் பார்க்கிறேன், முடியாது. ஆனால் அதற்கு எம்எம்எஸ்ஐ என்ற ஒன்பது இலக்க அடையாள எண்ணை உங்கள் நாட்டில் வாங்கி உள்ளே பதிய வேண்டும். பதியாவிட்டால் அந்தப் பட்டன் அழைப்பை அனுப்பாது. பல செட்டுகளில் ஓரிரு முறைக்கு மேல் மாற்ற விடாது, அதனால் எண்ணை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அடியுங்கள்.

எந்த ரேடியோவானாலும் லைஃப் ஜாக்கெட்டில் நெஞ்சோடு கட்டுங்கள். கயாக்கின் அறைக்குள் வைத்தால், கயாக் கையை விட்டுப் போனதும் ரேடியோவும் போய்விடும். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

போன வாரம் கடையிலிருந்து அழைத்தார்கள். பழைய செட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் முழுப் பணத்தையும் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். செட்டை வாங்கி என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “க்ளீன் பண்ணி வச்சுருவோம் சார்” என்றார்கள். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நுகர்வோர் புகாரில் அதுதான் சாட்சி. நங்கூர ஸ்டிக்கர் ஒட்டிய இதே மாதிரி செட் உங்களிடமும் இருந்தால், பில்லையும் பேட்டரிக்குப் பின்னால் இருக்கும் இடுக்கின் படத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். அதுவரை அதை நம்பிக் கடலில் இறங்காதீர்கள்.