டூல்ஸ் வைக்க எது சரி: திறந்த சுவரா, கதவு போட்ட கேபினெட்டா, டிராயரா?

வீட்டுல மரவேலைக்குன்னு ஒரு ரூமையோ ஷெட்டையோ ஒதுக்கினதும் அடுத்த கேள்வி டூல்ஸை எங்க வைக்கிறதுங்கிறதுதான். சுவர்ல பலகை அடிச்சு எல்லாத்தையும் கண்ணு முன்னாடி தொங்கவிடலாம், கதவு போட்ட கேபினெட் செஞ்சு சுவர்ல மாட்டலாம், இல்லன்னா பெஞ்சுக்கு அடியில டிராயர் கேபினெட் செய்யலாம். மூணையும் நான் ஒரே கேள்வியை வச்சுதான் பார்ப்பேன்: எடுத்ததைத் திருப்பி வைக்க எத்தனை அசைவு ஆகுது? எடுக்கிறதுக்கு எப்படியும் மெனக்கெட்டுடுவோம், வேலை நடக்கணுமே. திருப்பி வைக்கிறப்பதான் சோம்பல் வரும், அப்புறம் உளி, மூலைமட்டம், பென்சில்னு பெஞ்ச் முழுக்கக் குவிஞ்சு, அதை ஒதுக்கித் தள்ளும்போது தீட்டி வச்ச உளி இழைப்புளி மேல இடிச்சு முனை போயிடும்.

இந்த ஒரு விஷயத்துல திறந்த சுவரை எதுவும் அடிச்சுக்க முடியாது. ஒரே கையசைவு, அவ்ளோதான். அதுலயும் பிரெஞ்ச் க்ளீட் போட்டா இன்னும் நல்லது. 18 மி.மீ. ப்ளைவுட் பட்டையை 45 டிகிரி சாய்ச்சு நீளவாக்குல ரெண்டா அறுத்து, ஒரு பாதியை சுவர்ல முறுக்கிட்டு, இன்னொரு பாதியை ஒவ்வொரு ஹோல்டருக்கும் பின்னாடி ஒட்டிட்டா, எதை வேணா எங்க வேணா நகர்த்தி மாட்டிக்கலாம். இப்பதான் டூல்ஸ் சேர்க்க ஆரம்பிச்சிருக்கீங்க, எது எங்க வரணும்னு இன்னும் பிடிபடலன்னா கண்ணை மூடிட்டு இதுல ஆரம்பிங்க. பிரச்சனை தூசிதான். மரத்தூள் ஈரத்தை இழுத்து வச்சுக்கும், அது இரும்பு மேல படிஞ்சு கிடந்தா அந்த இடத்துலதான் முதல்ல துரு பிடிக்கும். இழைப்புளியோட அடிப்பாகம், ரம்பத் தகடு, உளியோட பின்பக்கம், எதெல்லாம் பளபளன்னு இருக்கணுமோ அதெல்லாம்தான் பாதிக்கும். அதே ரூம்ல டேபிள் சாவோ சாண்டரோ ஓடுதுன்னா கை டூல்ஸை நான் திறந்த சுவர்ல வைக்கவே மாட்டேன், க்ளாம்ப், ஸ்கேல், சுத்தியல் மாதிரி ஐட்டத்தோட நிறுத்திப்பேன்.

டிராயர் கேபினெட்டுக்கு நிறைய பேர் போறதுக்குக் காரணம் கொள்ளளவு, அதை மறுக்கவே முடியாது. ஆனா ஆழமான டிராயர் போட்டீங்கன்னா ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குவீங்க, அடியில இருக்கிறதை மறந்தே போயிடுவீங்க. உள் உயரம் 50, 60 மி.மீ.ல நிறைய டிராயர் போட்டு ஒரே அடுக்கா பரப்பி வைங்க, ட்ரில், பேட்டரி, சர்க்குலர் சா வைக்க கீழ மட்டும் ஒண்ணு ரெண்டு ஆழமா இருந்தா போதும். டிராயர் ஓடுறதுக்குப் பக்கவாட்டுல மாட்டுற பால் பேரிங் சேனல்னா பொதுவா ஒரு பக்கத்துக்கு 12.7 மி.மீ. இடம் கேட்கும், அதனால டிராயர் பெட்டியோட அகலம் கேபினெட் வாய் அகலத்தை விட 26 மி.மீ. கிட்ட குறைவா இருக்கட்டும், இறுக்கமா செஞ்சிட்டா அப்புறம் இழைச்சு இழைச்சுதான் சரி பண்ணணும். இன்னொண்ணு, பெஞ்ச்ல டாக் ஓட்டை (மரத்தைப் பிடிச்சு நிறுத்துற கட்டையை, கம்பியைச் செருக பலகையில போடுற ஓட்டை) இருந்தா, அதுல அடிச்சு மரத்தை அழுத்திப் பிடிக்கிற ஹோல்ட்ஃபாஸ்ட் கம்பி கீழ நீட்டிக்கிட்டு வரும், கேபினெட்டை பெஞ்சோட ஒட்டி செஞ்சா கம்பி இடிக்கும், தூளும் ஓட்டை வழியா அது மேலயே கொட்டும். நடுவுல ஒரு ஜாண் இடைவெளி விடுங்க. தனியா நிக்கிற கேபினெட்டா இருந்தா சுவரோட சேர்த்து ஒரு ஸ்க்ரூ போட்டே ஆகணும், லோடு ஏத்தின டிராயர் மூணு நாலை ஒண்ணா இழுத்தா மொத்தமும் முன்னாடி சாயும்.

திருப்பி வைக்கிற கணக்கைப் பார்த்தா டிராயர்தான் கடைசி. குனியணும், இழுக்கணும், வைக்கணும், மூடணும். தினமும் தொடுற உளிக்கு இது ரொம்ப அதிகம்.

அதனால கை டூல்ஸுக்கு என் ஓட்டு கதவு போட்ட சுவர் கேபினெட்டுக்குதான். காலையில கதவைத் திறந்து விட்டா ராத்திரி வரைக்கும் அது திறந்த சுவர் மாதிரியே வேலை செய்யும், மெஷின் ஓட்டுறப்போ, வேலை முடிஞ்சப்போ சாத்திடலாம். கதவையே 100 மி.மீ. ஆழப் பெட்டியா செஞ்சா அதுக்குள்ளயும் டூல்ஸ் மாட்டலாம், சுவர்ல பிடிக்கிற இடம் அதேதான், மாட்டுற பரப்பு ரெண்டு மடங்காயிடும். ஹென்றி ஸ்டட்லின்னு பியானோ வேலை பார்த்த ஒருத்தர், 1925ல இறந்தார், மூடினா சுமார் 39 அங்குல உயரம், 20 அங்குல அகலம் மட்டுமே இருக்கிற பெட்டிக்குள்ள கிட்டத்தட்ட 300 டூல்ஸை அடக்கினார். பார்க்க பிரமிப்பா இருக்கும். ஆனா அதை அப்படியே பின்பற்றாதீங்க, ஒரு அடுக்கைத் தூக்கினாதான் பின்னாடி இருக்கிறது தெரியும், நம்ம அசைவு கணக்குக்கு அது ஒத்துவராது.

எடையைப் பார்த்து பயப்படுறவங்களுக்கு ஒரு கணக்கு. 400 மி.மீ. அகலக் கதவு, டூல்ஸோட 10 கிலோ, கீலுக்கும் கீலுக்கும் 700 மி.மீ. தூரம்னா மேல் கீலை வெளிய இழுக்கிற விசை 3 கிலோ கிட்டதான் வரும். உண்மையான ஆபத்து ப்ளைவுட்டோட விளிம்புல ஸ்க்ரூ ஏத்துறது, அங்க அடுக்கு பிரிஞ்சு விட்டுடும். விளிம்புல கெட்டி மரப் பட்டை ஒட்டி அதுல கீல் அடிங்க, இல்ல கதவோட முழு நீளத்துக்கும் ஒரே கீலா வர்ற பியானோ ஹிஞ்ச் போடுங்க. பின்பலகையும் 4 மி.மீ. போதாது, 12 மி.மீ. போட்டாதான் எங்க வேணா ஸ்க்ரூ பிடிக்கும். கேபினெட்டையே க்ளீட்ல மாட்டலாம், சுவர்ல இருக்கிற பட்டைக்கு மட்டும் நல்ல ஆங்கர் போடுங்க.

உள்ள எப்படி வைக்கிறதுங்கிறதுலதான் உயிரே இருக்கு. உளிக்கு ஸ்டாண்ட் செய்றவங்க பலகையில வட்ட ஓட்டை போடுவாங்க, அப்போ உளியை எடுக்க முழு இரும்பு நீளத்துக்கும் மேல தூக்கணும், அதனால மேல 150 மி.மீ. காலி இடம் வீணாகும். ஓட்டைக்கும் பலகையோட முன் விளிம்புக்கும் நடுவுல உளித் தகடு நுழையுற அளவு ஒரு வெட்டு கொடுத்துட்டா, பிடியை லேசா தூக்கி முன்னாடி இழுத்தா வந்துடும். இழைப்புளிக்கு சாய்வுப் பலகை, கீழ ஒரு தடுப்புக் கட்டை, நடுவுல மெல்லிய பிரிப்பு. உயரத்தை முடிவு பண்றது ரம்பம்தான், 26 அங்குலத் தகடுன்னா பிடியோட சேர்த்து 750 மி.மீ. கிட்ட வரும், அதனால உள் உயரம் 800க்குக் கீழ போகாதீங்க.

பலகை அறுக்கிறதுக்கு முன்னாடி உள் அளவுல ஒரு அட்டையை வெட்டி தரையில போட்டு, இருக்கிற டூல்ஸை எல்லாம் அது மேல பரப்பிப் பாருங்க, ஒவ்வொண்ணையும் சுத்தி கை நுழையுதான்னு பாருங்க. அஞ்சுல ஒரு பங்கு காலியா மிஞ்சலன்னா அகலத்தைக் கூட்டிடுங்க.