ஸ்டார் அட்வென்ச்சரர் ஜிடிஐ: நம்ம ஊர் அட்சரேகையில் எப்படி?

ஸ்டார் அட்வென்ச்சரர் ஜிடிஐ என்பது வானம் சுழல்வதற்கு ஏற்பக் கேமராவைத் திருப்பிக்கொண்டே இருக்கும் மோட்டார் வைத்த தாங்கி, அதாவது மவுண்ட். இதைப் பற்றிய ரிவியூக்கள் பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்காவிலிருந்துதான் வருகின்றன. அங்கே துருவ நட்சத்திரம் 40, 50 டிகிரி உயரத்தில் நிற்கும். நமக்கோ சென்னையில் 13 டிகிரி, மதுரையில் 10. தென்னந்தோப்பு, ஊர் வெளிச்சம், தூசி எல்லாம் மறைக்கும் உயரம் அது. சில ஆண்டுகளாக மொட்டைமாடியிலும் ஜவ்வாது மலைப் பக்கமும் இதை வைத்துப் படமெடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வாங்கும் முன் மோட்டாரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், போலார் அலைன்மென்ட்டை (மவுண்ட்டின் சுழல் அச்சை வானத் துருவத்துக்கு நேராக வைப்பதை) எப்படிச் செய்வீர்கள் என்று யோசியுங்கள்.

டிரைபாட் இல்லாமல் மவுண்ட்டின் தலை மட்டும் 2.6 கிலோ, தாங்கும் எடை 5 கிலோ. என்னிடம் 250 மி.மீ. ரெட்கேட் 51 தொலைநோக்கி, கேனான் 200டி கேமரா, ஒரு நட்சத்திரத்தைக் கவனித்து மவுண்ட்டின் பிழையை உடனுக்குடன் திருத்த (இதுதான் கைடிங்) சின்ன கைடு கேமரா. பஸ்ஸில் மேல் ரேக்கில் பையை வைத்து எடுத்துப் போகலாம். வைஃபை வழியாக சின்ஸ்கேன் ஆப்பில் இணைத்து, திருவாதிரை என்றால் திருவாதிரைக்கே திரும்பும். அந்த வசதி பழகிவிட்டால் பொருளைத் தானே தேடிப் போகாத வெறும் டிராக்கருக்குத் திரும்ப மனம் வராது.

இனி துருவ விஷயம். அச்சோடு சேர்ந்த சின்னத் தொலைநோக்கியான போலார் ஸ்கோப்பில் பார்த்து வைக்க துருவ நட்சத்திரம் தெரிந்தால்தானே? பாதி இரவுகள் தெரியாது. அதனால் லேப்டாப்பில் நினா மென்பொருளின் மூன்று புள்ளி அலைன்மென்ட் முறைக்கு மாறிவிட்டேன். வானத்தில் திறந்த பகுதி எதையாவது காட்டினால் போதும். மவுண்ட்டைத் திருப்பித் திருப்பி மூன்று படம் எடுத்து, நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று திரையில் காட்டும். திருகைத் திருப்பத் திருப்ப எண் குறையும். ஒரு டிகிரியில் 60 ஆர்க்மினிட், ஒரு ஆர்க்மினிட்டில் 60 ஆர்க்செகண்ட். 10 ஆர்க்மினிட் விலகல் இருந்தால் நிமிடத்துக்கு 2.6 ஆர்க்செகண்ட் வரை படம் நகரும். என் செட்டப்பில் ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 3 ஆர்க்செகண்ட். கைடிங் இல்லாமல் மூன்று நிமிட எக்ஸ்போஷர் போட்டால் நட்சத்திரம் நீளும் என்பது கணக்கிலேயே தெரிகிறது. திருகை இறுக்கியபின் இன்னொரு தடவை சரிபாருங்கள், எந்த மவுண்ட்டிலும் கொஞ்சம் நகரும்.

இன்னொன்றும் உண்டு. நம் பக்கம் அச்சு கிட்டத்தட்ட படுத்தே கிடக்கும். பாரம் வடக்கே சாய்வதால் டிரைபாடின் ஒரு காலை வடக்கு நோக்கி வைக்க வேண்டும். அப்படி வைத்தால் கவுண்டர்வெயிட் (எதிர்ப்பாரம்) மாட்டும் கம்பி அந்தக் காலில் முட்டப் பார்க்கும். டிரைபாடுக்கும் மவுண்ட்டுக்கும் நடுவே உயரம் கூட்டும் எக்ஸ்டென்ஷன் பில்லர் ஒன்றைப் போட்டால் தீர்ந்தது. ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம்.

பேலன்ஸ் சரிசமமாக இருக்கக் கூடாது, கிழக்குப் பக்கம் ஒரு துளி கூடுதலாக வையுங்கள். வார்ம் கியரின் பல் ஒரே பக்கமாக அழுந்தியிருக்கும், கைடிங் கிராஃபும் அடங்கும். கைடிங் பிழை ஒரு ஆர்க்செகண்ட் அளவில் இருந்தாலே இந்த ஃபோகல் நீளத்துக்குப் போதும். பவருக்கு உள்ளே 8 ஏஏ பேட்டரி போடலாம். நான் 12 வோல்ட் லித்தியம் பேக்கைத்தான் நம்புகிறேன். தை, மாசிப் பனிக்கு லென்ஸில் டியூ ஹீட்டர் அவசியம். ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாது, அப்போது சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில் கிடக்கட்டும்.

இத்தனை அவஸ்தைக்கும் கூலி தெற்கே இருக்கிறது. ஜவ்வாது மலையிலிருந்து ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து 30 டிகிரி உயரம் ஏறும், கரீனா நெபுலா என்ற வாயு மேகம் 17 டிகிரிக்கு மேல் வரும். லண்டன்காரர் இரண்டையும் பார்க்கவே முடியாது. இரு அரைக்கோள வானமும் கிடைக்கும் என்பதால்தானே அதே ஜவ்வாது மலையின் காவலூரில் வானாய்வகம் வைத்தார்கள்! சித்திரை பிறக்கும் சமயம் நள்ளிரவில் ஒமேகா சென்டாரி அந்த உச்ச உயரத்தில் இருக்கும். ஒரு நிமிடப் படங்களாக எடுத்து மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து ஸ்டாக் செய்தாலே கொத்தின் ஓரத்து நட்சத்திரங்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

கவுண்டர்வெயிட் தேவைப்படாத ஸ்ட்ரெயின் வேவ் (வளையும் கியர்) மவுண்ட்டுகள் பக்கம் பலர் போகிறார்கள். பெரிய தொலைநோக்கி வைத்திருப்பவருக்கு அது சரி. ஆனால் அவற்றின் பீரியாடிக் பிழை (கியரால் திரும்பத் திரும்ப வரும் பிழை) பெரிது, கைடிங் இல்லாமல் வேலைக்கு ஆகாது. 400 மி.மீ. ஃபோகல் நீளத்துக்குள் எடுப்பவர் ஜிடிஐ-யை வாங்கிவிட்டு, மிச்சப் பணத்தில் கைடு கேமராவும் பில்லரும் வாங்கட்டும்.