கைரேகை பார்த்துப் பாடத்திட்டம் விற்கிறார்கள்: சேலம் பெற்றோர் கவனத்துக்கு

சேலத்தில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கிறவர்களும் அந்த யோசனையில் இருப்பவர்களும், யாரிடமும் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். "உங்கள் குழந்தைக்கென்றே தனியாகத் தயாரித்த பாடத்திட்டம்" என்று சொல்லி எங்களிடம் 64,000 ரூபாய் வாங்கினார்கள். கைக்கு வந்தது, யார் வேண்டுமானாலும் இணையத்தில் காசில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய தாள்கள். விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இதே பேச்சோடு இன்னும் பலர் கிளம்பியிருக்கிறார்கள். அதனால் பெயரைவிட இவர்கள் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்குப் பதினொரு வயது. வாய்க்கணக்கில் கெட்டிக்காரன். செவ்வாய்ப்பேட்டையில் அவன் அப்பாவின் வெள்ளிப் பட்டறையில் உட்கார்ந்து, கொலுசு எடையில் சேதாரம் போக மீதி எவ்வளவு என்று தாளும் பேனாவும் இல்லாமல் சொல்லிவிடுவான். அவனையே நான்கு வரி தமிழ் படிக்கச் சொன்னால் முகம் வாடிவிடும். சின்னவளுக்கு எட்டு வயது. கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பாள், ஆனால் ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். எழுதச் சொன்னால் பாதி வரியில் எழுந்து போய்விடுவாள். பள்ளியில் இரண்டு பேரையுமே "கவனம் இல்லை" என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அதனால்தான் வீட்டில் வைத்துச் சொல்லித்தர முடிவெடுத்தோம். இருவருக்கும் ஒரே புத்தகம் சரிப்படாது என்பது எங்களுக்கே தெரியும். எதை எடுப்பது என்ற அந்தக் கவலையைத்தான் இவர்கள் காசாக்கினார்கள்.

முதலில் ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் "பெற்றோர் சந்திப்பு" வைத்தார்கள். சாப்பாடெல்லாம் பிரமாதம். மான்டிசோரி, வால்டார்ஃப், சார்லட் மேசன் என்று கல்விமுறைகளின் பெயர்கள் திரையில் ஓடின. ஒவ்வொன்றும் எந்த மாதிரிப் பிள்ளைக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று யாரும் சொல்லவில்லை. "அதை டெஸ்ட் சொல்லிவிடும்" என்றார்கள். டெஸ்ட் என்பது கைரேகை. பிள்ளையின் பத்து விரலையும் ஒரு சின்ன ஸ்கேனரில் வைத்து எடுத்தார்கள். டிஎம்ஐடி என்று அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு 3,500 ரூபாய்.

அறிக்கை வண்ணமயமாக வந்தது. பையனுக்கு மொழித்திறன் 11.38 சதவீதம், இசைத்திறன் 13.02 சதவீதம், அவன் "செய்து கற்பவன்" என்று போட்டிருந்தது. தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை கணக்குக் கொடுத்தவர்கள், அவனை ஒரு வரி படிக்கச் சொல்லிக் கேட்கவே இல்லை. "படிக்கத்தானே சார் கஷ்டப்படுகிறான், அதைப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டேன். "மேடம், குழந்தை அன்றைக்கு மூடு இல்லாமல் தப்பாகப் படிக்கலாம். ரேகை பொய் சொல்லாது" என்றார் அங்கே ஆலோசகர் என்று உட்கார்ந்திருந்தவர்.

விரல் ரேகை கருவிலேயே உருவாகிவிடுகிறது. பிள்ளைக்கு எந்த எழுத்து குழம்புகிறது என்று அதில் தெரிய வழியே இல்லை. டிஎம்ஐடி சோதனைக்கு அறிவியல் அடிப்படை கிடையாது என்று இந்திய மனநல மருத்துவச் சங்கமே அறிக்கை விட்டிருக்கிறது. ரேகை பார்ப்பவர்கள் தங்கள் ஒவ்வொரு அறிக்கையிலும் காட்டும் பல்வகை அறிவுத்திறன் கோட்பாடு, அதாவது மொழி, இசை, கணக்கு என்று அறிவு பல வகை என்பது, அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983-இல் முன்வைத்தது. அவருக்கும் இந்த ரேகை வியாபாரத்துக்கும் சம்பந்தமில்லை. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து அதற்கேற்பப் பாடம் நடத்தினால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்கும் போதிய சான்று இல்லை. ஹரோல்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிப் பார்த்து 2008-லேயே இதைச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்தது பாடத்திட்டப் பேக்கேஜ், ஒரு பிள்ளைக்கு 28,500. பெரிய பெட்டி, மேலே பிள்ளையின் பெயர். திறந்து இரண்டு பெட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அட்டையைத் தவிர இரண்டும் ஒன்று. படிக்கவே தடுமாறும் பையனுக்கும், படிப்பில் வகுப்பைத் தாண்டி ஓடும் பெண்ணுக்கும் அதே பயிற்சித்தாள்கள். ஒரு தாளின் மேல் எங்களுக்குத் தெரியாத வேறொரு பிள்ளையின் பெயர் அப்படியே இருந்தது. கணக்குத் தாளில் டைம், நிக்கல், குவார்ட்டர் என்று அமெரிக்கச் சில்லறைக் காசுகளின் படம். கிராமும் மில்லிகிராமும் விரல் நுனியில் வைத்திருக்கும் பையன், இது என்ன காசு என்று கேட்டான். பக்கத்தின் அடியில் இணையதள முகவரி இருந்த இடத்தை வெள்ளைப் பட்டையால் மறைத்திருந்தார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் படிக்க முடிந்தது. போய்ப் பார்த்தேன், எல்லாம் அங்கே இலவசம்.

பெட்டியில் இருந்த "சிறப்புப் புத்தகங்கள்" தேசியத் திறந்தநிலைப் பள்ளியுடையவை. என்ஐஓஎஸ் என்று சொல்வோமே, பள்ளிக்குப் போகாமலே படித்துத் தேர்வு எழுத வழி செய்யும் மத்திய அரசு நிறுவனம், அதுதான். அவர்கள் தளத்திலேயே பாடநூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. என்ஐஓஎஸ் முத்திரை இருந்த இடத்தில் இந்தப் பெட்டிக்காரர்கள் தங்கள் லோகோவை ஒட்டி விற்றிருக்கிறார்கள். நம் மாநிலத்தின் 'எண்ணும் எழுத்தும்' புத்தகங்களும் இப்படி இலவசமாகக் கிடைப்பவைதான். 2022-இல் தொடங்கிய திட்டம் அது. வகுப்பைப் பார்க்காமல் பிள்ளை நிற்கும் இடத்தைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று படிநிலை பிரித்திருப்பார்கள். ஒரே வீட்டில் இரண்டு விதமான பிள்ளைகள் இருப்பவர்களுக்கு, நாங்கள் பணம் கொடுத்து வாங்கிய பெட்டியைவிட அது எவ்வளவோ மேல்.

மாதம் ஒருமுறை சேர்வராயன் மலையில் இயற்கைப் பாடம் என்றும் பேக்கேஜில் சேர்த்திருந்தார்கள். அது ஒருமுறைதான் நடந்தது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போன பிள்ளைகளை ஒரு ஹாலில் உட்கார வைத்து, அமேசான் காட்டைப் பற்றி வீடியோ போட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருந்தது, அடியில் காப்பிச் செடிகள். எதையும் தொட்டுக் காட்ட ஆளில்லை. என் பெண் மூன்று முறை எழுந்து வெளியே போனதற்கு, "மேடம், இவளுக்கு டிசிப்ளின் பேக்கேஜும் தேவைப்படும்" என்றார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

இதைவிட ஆபத்தானது சான்றிதழ் பற்றி அவர்கள் அள்ளிவிட்டது. வீட்டுக்கல்விக்கு அரசிடம் பதிவு வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். அப்படி ஒரு பதிவு முறையே இங்கே இல்லை. பையனை அடுத்த வருஷமே என்ஐஓஎஸ் பத்தாம் வகுப்பு எழுத வைக்கலாம் என்றார்கள். அதற்குக் குறைந்தது 14 வயது ஆக வேண்டும். அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு திறந்தநிலை அடிப்படைக் கல்வி என்று தனியாக இருக்கிறது. அதன் மூன்று நிலைகள் 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்குச் சமம். தாங்கள் என்ஐஓஎஸ் அங்கீகாரம் பெற்ற மையம் என்றார்கள். அங்கீகாரம் பெற்ற மையங்களின் பட்டியல் அந்தத் தளத்திலேயே இருக்கிறது, அதில் இவர்கள் இல்லை. கடைசியாக, பையனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதில் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடு, இருப்பதாகத் தாங்களே ஒரு தங்க நிற முத்திரையோடு சான்றிதழும் கொடுத்தார்கள். தேர்வில் கூடுதல் நேரமோ, சொல்வதை எழுத ஓர் ஆளோ கேட்கப் போகும்போது இந்தத் தாள் எதற்கும் உதவாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளில், டிஸ்லெக்சியா அடங்கும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்பதும் ஒன்று. அதற்கான சான்றிதழை அரசு நியமித்த மருத்துவக் குழுதான் தர முடியும். எந்தத் தனியார் நிறுவனத்துக்கும் அந்த அதிகாரம் இல்லை.

அப்புறம் எங்களுக்கு ஒரு நல்ல சிறப்பாசிரியர் கிடைத்தார். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில், பதிவு பெற்றவர். பதிவு எண்ணைக் கேட்டால் முகம் சுளிக்காமல் காட்டினார். கவுன்சிலின் தளத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அவர் முதலில் செய்த வேலை, பையனை அருகில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டது. 'கொடி' என்பதை அவன் 'கெடி' என்றான். 'தோடு' அவனுக்குத் 'தேடு' ஆனது. எழுத்துக்கு முன்னால் வரும் கொம்பை மட்டும் பிடித்துக்கொண்டு, பின்னால் வரும் காலை விட்டுவிடுகிறான். இத்தனை வருஷம் வீட்டிலும் பள்ளியிலும் யார் கண்ணிலும் படாத இந்த விஷயம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. முன் கொம்பையும் பின் காலையும் சிவப்பில், நடுவில் உள்ள எழுத்தைக் கறுப்பில் எழுதி, மூன்றையும் விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்ல வைத்தார். கணக்கில் அவனைக் கீழ் வகுப்புக்கு இறக்க வேண்டியதில்லை, கேள்வியை வாசித்துக் காட்டினால் போதும் என்றார். தமிழுக்கு இரண்டாம் வகுப்பு நிலை, கணக்குக்கு ஆறாம் வகுப்புப் புத்தகம். ஒரே பிள்ளைக்கே இப்படி இரண்டு நிலை தேவைப்படும்போது, ஆளுக்கொரு பெட்டி என்று விற்பவர்களால் என்ன செய்துவிட முடியும்? பெண்ணுக்குப் புதிதாக எந்தப் பாடநூலும் வாங்க வேண்டாம், இருக்கும் பாடத்தையே சின்னத் துண்டுகளாக்கி நடுவில் எழுந்து நடக்க விடுங்கள் என்றார். கவனச் சிதறல் பற்றிக் குழந்தை மருத்துவரிடம் காட்டவும் சொன்னார்.

இதற்கு நாங்கள் கொடுத்தது, அந்தப் பெட்டி விலையில் ஒரு சின்னப் பங்குதான். காசே இல்லாமலும் வழி இருக்கிறது. ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையம் இருக்கிறது, அங்கே சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் 18 வயது வரையுள்ள பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்ப்பார்கள். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களும் தனியார் மையத்துக்குப் போவதற்கு முன் இந்த இரண்டு இடங்களிலும் கேட்டுவிடுங்கள். வீட்டுக்கல்வி ஒத்துவரவில்லை என்றாலும் பயப்பட வேண்டாம். 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றுதான் கட்டாயக் கல்விச் சட்டம் சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பவும் முடியாது. "வெளியே போனால் எந்தப் பள்ளியும் சேர்க்காது" என்று இவர்கள் என்னை மிரட்டியதால் சொல்கிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த "கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது" என்ற வரியைக் காட்டினார்கள். அப்படி அச்சடித்துவிட்டால் புகார் செய்யும் உரிமை போய்விடாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிந்தேன். அப்புறம் வக்கீல் நோட்டீஸ் போன பிறகு 12,000 ரூபாய் வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடவும் செய்யலாம். இதே மாதிரி பெட்டி வாங்கியவர்கள் ரசீது, ரேகை அறிக்கை, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள், பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள். பாதிப்பு நடந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுத்தாக வேண்டும்.