நிறை குறைக்க எது உதவும்: ஆப்பா, வாட்ஸ்அப் ஆலோசகரா, கிளினிக்கா?

கிளிநொச்சியில் இருந்துகொண்டு நிறையைக் குறைக்க நினைப்பவருக்கு மூன்று வழி இருக்கிறது: தானாக இயங்கும் ஆப், வாட்ஸ்அப்பில் ஓர் உணவு ஆலோசகர், அரச வைத்தியசாலைக் கிளினிக். ஆப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு இப்போது ஆலோசகரிடம் நிற்கிறேன். ஆகவே என்னிடம் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

கிளினிக்கும் நான் போட்ட ஆப்பும் இலவசம், ஆலோசகருக்கு மாதக் கட்டணம். நடை எதில் சேர்ந்தாலும் நடைதான். ஒட்டுசுட்டான் பக்கத்து ஆட்கள் விடிய யானை விலகிவிட்டதா என்று பார்த்து நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆப்புக்குப் புட்டைக் கப் கணக்கில் சொல்ல வேண்டும். சொதியில் எவ்வளவு தேங்காய்ப்பால் விட்டோம் என்று அது கேட்காது. என் உடற்திணிவுச் சுட்டி (உயரத்துக்கு ஏற்ற நிறையா என்று காட்டும் BMI) 24 ஆக இருந்தபோது, பிரச்சினை இல்லை என்று பச்சை நிறம் காட்டியது. ஆசியர்கள் 23ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இலேயே சொல்லிவிட்டது.

இதையெல்லாம்கூடச் சமாளிக்கலாம். மறுபக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறாரா என்பதுதான் முக்கியம். ஆப்பின் நினைவூட்டலை விரலால் தள்ளிவிடலாம். "அக்கா, இரவுச் சாப்பாட்டுப் படம் வரேல்லை" என்று ஒருவர் கேட்டால் தள்ள முடியாது. படம் போனால் "புட்டைப் பாதியாக்கி முருங்கையிலை வறையைக் கூட்டுங்கோ" என்று பதில் வரும்.

இது என் மனப்பிரமை இல்லை. 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 192 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் நிறை குறைப்பதற்கான ஓர் இணையத்தளம் உண்டு. ஆறு மாதத்தில் ஆலோசனை இல்லாதவர்கள் சராசரியாக 2.6 கிலோ குறைந்தார்கள், கணினியின் தானியங்கிப் பதில் பெற்றவர்கள் 4.9, மனிதர் எழுதிய மின்னஞ்சல் பெற்றவர்கள் 7.3. மூன்றாம் மாதத்தில் கணினிக்கும் மனிதருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிறகுதான் இடைவெளி கூடியது. ஆப் நன்றாக வேலை செய்கிறது என்று முதல் மாதத்தில் சொல்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம் கிளினிக். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2012இன் கொக்ரேன் மீளாய்வில், ஆறு மாதத்தில் நேரடிச் சிகிச்சை கணினி வழியைவிட ஏறக்குறைய 2 கிலோ முன்னால் நின்றது. ஆனால் 2011இல் வந்த 415 பேரின் ஆய்வில், இரண்டு வருட முடிவில் போன், இணையம் வழியே மட்டும் மனித உதவி பெற்றவர்கள் 4.6 கிலோவும், அதோடு நேரில் சந்திப்பும் கிடைத்தவர்கள் 5.1 கிலோவும் குறைந்திருந்தார்கள். அந்த அரைக் கிலோவுக்காகத் துணுக்காயிலிருந்து பஸ் பிடித்து வந்து பாதி நாளைக் கிளினிக் வரிசையில் கழிக்க வேண்டுமா?

சீனி வருத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. சில மாத்திரைகளோடு சாப்பாட்டைக் குறைத்தால் இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறிக் கீழே இறங்கிவிடலாம். அவர்கள் முதலில் கிளினிக்தான் போக வேண்டும்.

குறைந்த நிறையைப் பிடித்து வைப்பதில் என் அனுபவம் இன்னும் புதுசு. 

ஆலோசகரைத் தேடும்போது என்ன படித்தவர் என்று கேளுங்கள். இரண்டாவது கிழமையே பவுடர் டப்பா விற்க வந்தால் விலகிவிடுங்கள். வருடக் காசை முற்பணமாகக் கட்டவும் வேண்டாம். அறுவடை நேரம் எப்படியும் படம் அனுப்ப முடியாது, அந்த மாதம் நிறுத்திவிட்டுப் பிறகு சேரலாம்.