ஓடிக்கொண்டே பதிய ஒரு கார்டு: ஸ்போர்ட்ஐடென்ட் சியாக்

"சியாக் கார்டுக்கு இவ்வளவு காசு கொடுக்கலாமா?" சுவிஸில் என்னோடு ஓரியண்டீரிங் ஓடும் நண்பர்கள் அடிக்கடி கேட்பது இது. ஓரியண்டீரிங் என்பது வரைபடம் பார்த்து, கன்ட்ரோல் எனப்படும் குறியிடங்களுக்கு வரிசையாக ஓடும் போட்டி. கன்ட்ரோலுக்கு வந்ததை அங்குள்ள மின்னணுப் பெட்டியில் பதிய, விரலில் மாட்டிக்கொள்வதுதான் கார்டு. அதில் ஸ்போர்ட்ஐடென்ட் நிறுவனத்தின் ஒரு வகை சியாக். ஸ்பிரிண்ட், அதாவது ஊருக்குள் நடக்கும் குறுகிய, வேகமான ஓரியண்டீரிங் ஓடுகிறவர் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

சாதாரண கார்டை ஒவ்வொரு கன்ட்ரோலிலும் பெட்டியின் துளைக்குள் விட்டு, பீப் வரும்வரை நிற்க வேண்டும். கண நேரம்தான், ஆனால் ஓட்டம் அங்கே அறுந்துவிடும். குறுகிய சந்தில் நாலு பேர் ஒரே பெட்டியை மொய்த்தால் இன்னும் மோசம். சியாக் என்றால் பெட்டிக்கு அரை மீட்டர் கிட்டே கையைக் கொண்டுபோனாலே பதிந்துவிடும். விரலில் மாட்டிய கார்டே பீப் அடித்து, நுனியில் சில நொடிகள் மின்னும். அது மின்னி ஓயுமுன் நம் கண் வரைபடத்தில் அடுத்த வழியைத் தேடத் தொடங்கியிருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஸ்டார்ட்டுக்கு முன் ஒன்றை மறக்க வேண்டாம். க்ளியர் பெட்டியில் பழைய பதிவுகளை அழித்த கையோடு செக் பெட்டியிலும் கார்டை விடுங்கள். தொடாமலே பதியவைக்கும் சியாக்கின் ரேடியோவை எழுப்புவது செக் பெட்டிதான். டெஸ்ட் பெட்டி வைத்திருந்தால் அதன்மேல் கையை வீசி, பீப் வந்தபிறகு நகருங்கள். காட்டுக்குள் போனபின் மின்னவில்லையா? பதற வேண்டாம், துளைக்குள் விடுங்கள், சாதாரண கார்டு போலவே பதிந்துகொள்ளும். போகிற போக்கில் வேறொரு கன்ட்ரோல் பதிந்துவிட்டாலும் பாதகமில்லை, உங்கள் கன்ட்ரோல்கள் வரிசையாக இருந்தால் போதும்.

குறை என்றால் பேட்டரிதான். கார்டுக்குள் அடைத்து மூடியிருப்பதால் நாமே மாற்ற முடியாது. பழைய கார்டை யாரிடமாவது வாங்குவதானால், பேட்டரி டெஸ்ட் பெட்டியில் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இதேபோல் கன்ட்ரோல் பதியும் இன்னொரு முறையான நார்வேக்காரர்களின் எமிட்டில், நேரம் குறிக்கும் கடிகாரம் கார்டுக்குள் ஓடும். ஸ்போர்ட்ஐடென்டில் அது பெட்டிக்குள். எல்லாப் பெட்டிகளின் நேரத்தையும் முன்கூட்டியே ஒன்றாக்குவது நடத்துகிறவர்களின் பாடு, ஓடுகிறவருக்கு அந்தக் கவலை இல்லை.

சியாக்கில் 128 பதிவுகள் கொள்ளும், ஸ்போர்ட்ஐடென்டின் சாதாரண கார்டுகளில் ஒன்றான எட்டாம் நம்பர் கார்டில் 30தான். என் மகளுக்கு அந்த எட்டைத்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சிறுவர் பிரிவில் கன்ட்ரோல்கள் குறைவு. நின்று, பெட்டியின் எண்ணைச் சரிபார்த்துப் பதியும் பழக்கம் முதலில் வரட்டும், சியாக் அப்புறம் வாங்கலாம்.