அறுத்த கட்டையை ஒட்டித் தருகிறேன் என்பவரிடம் பழைய துப்பாக்கியைக் கொடுக்கும் முன்

வீட்டில் பழைய ராணுவத் துப்பாக்கி ஒன்று உரிமத்தோடு இருக்கிறது, அதன் மரக்கட்டையை யாரோ எப்போதோ பாதியில் அறுத்திருக்கிறார்கள், சரிசெய்யலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். எங்கள் துப்பாக்கிக்கு நடந்ததைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். மலைக்குக் கீழே, துப்பாக்கி விற்க உரிமம் பெற்ற கடை. அவ்வளவு போதும்.

துப்பாக்கி என் பெரியப்பாவுடையது. கோத்தகிரிப் பக்கம் எங்கள் காய்கறி நிலத்துக்குப் பன்றிக் காவலுக்கென்று அவருடைய அப்பா காலத்தில் வாங்கியது. பெரியப்பா காலமான பிறகு வாரிசு முறையில் உரிமம் என் பெயருக்கு மாறியது. நான் சுடுவதில்லை. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பேன், முடிந்ததும் வாங்கிவந்து எண்ணெய் போட்டு வைப்பேன். எனக்கும் அதற்கும் அவ்வளவுதான் உறவு.

ஆனால் அது நாட்டுத் துப்பாக்கி இல்லை. 1853 மாடல் என்ஃபீல்டு, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் ரகம். குழல் மட்டும் 39 அங்குலம், முழு நீளம் 55 அங்குலம், எடை நாலு கிலோவுக்கு மேல். நீளமான ஒரே வால்நட் கட்டையில் குழலைப் படுக்க வைத்து, மூன்று பூண் போட்டு இறுக்கியிருப்பார்கள். 1857-இல் கொழுப்புத் தடவிய தோட்டாவால் சிப்பாய்கள் கொதித்தெழுந்தார்களே, அந்தத் தோட்டா இந்த மாடலுக்கு வந்ததுதான். அதற்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு உள்வரி, அதாவது குண்டைச் சுழற்றிவிடக் குழலுக்குள் வெட்டும் பள்ளம், இல்லாத வழுவழுப்பான குழல்களைக் கொடுத்தது கம்பெனிக்குப் பின் வந்த அரசு. எங்களுடையதில் மூன்று உள்வரிகளும் தெளிவாக இருந்தன. சுடும் பொறியைத் தாங்கும் பக்கவாட்டு இரும்புத் தகடான லாக் தகட்டில், குதிரை எனப்படும் சுத்தியலுக்கு முன்னால் 1862 என்ற வருடமும் டவர் என்ற எழுத்தும், பின்னால் கிரீடமும் வி.ஆர். என்ற விக்டோரியா ராணியின் முத்திரையும். தோளில் பதியும் பாகத்தின் வலப்பக்கம் வட்டமான கிடங்கு முத்திரை ஒன்று, சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும்.

இதன் முன்கட்டையைத்தான் அடிப் பூணுக்குச் சற்று முன்னால் அறுத்திருந்தார்கள். அறுத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த எடையைத் தூக்கிக்கொண்டு ராத்திரியில் தேயிலைச் சரிவில் ஏறி இறங்குகிறவனுக்குத்தான் அது தெரியும். நல்ல வேளையாகக் குழலில் ரம்பம் படவில்லை. அதைவிட நல்ல வேளை, அறுத்த துண்டு பெரியம்மா வீட்டுப் பரணில் சாக்கில் சுற்றி அப்படியே கிடைத்தது. நடுப் பூண், மேல் பூண், பித்தளை முனை மூன்றும் அதிலேயே இருந்தன. ஓரிரு இடத்தில் பூச்சி அரித்த தடம், மற்றபடி மரம் கெட்டி.

அருவங்காட்டில் குடியிருக்கும், ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்ப்பவராக, இருந்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முதலில் கட்டையைப் பார்க்கவே இல்லை. டேப்பை எடுத்துக் குழலை அளந்தார். "குழலை அறுத்திருந்தா கட்டையைச் சரிபண்ணி ஒண்ணும் ஆகப்போறதில்ல, அப்படியே வச்சுக்கோங்கன்னு சொல்லியிருப்பேன். இது முழுசா இருக்கு. துண்டும் இருக்கு. இதை ஒட்டணும்" என்றார்.

எப்படி என்றும் சொன்னார். ரம்பம் தின்றது இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். அந்த இடைவெளிக்கு மெல்லிய வால்நட் சீவல் ஒன்று, மருந்து கெட்டிக்கும் கம்பி போகும் தடத்துக்கு இரண்டு பக்கமும் உள்ளே ஒவ்வொரு ஆணி, நடுவில் அரால்டைட் பசை. குழலுக்கு மெழுகு பூசிவிட்டு அதையே அச்சாக வைத்து இறுக்கினால் இரண்டு துண்டும் நேர்கோட்டில் நிற்கும். பழைய மரத்தை இழைக்கக் கூடாது, உப்புத்தாள் போடக் கூடாது, வார்னிஷ் அறவே கூடாது. ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் போதும். இரும்பில் கையே வைக்கக் கூடாது.

நீங்களே செய்து கொடுங்கள் என்று கேட்டேன். மறுத்துவிட்டார். 1959 ஆயுதச் சட்டப்படி அடுத்தவர் துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும், தன்னிடம் அது இல்லை என்றார். அவர் சொன்னது சரி. அதனால்தான் உரிமம் உள்ள கடையைத் தேடிக் கீழே இறங்கினேன்.

கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். ஆர்மரர் சொன்ன ஒவ்வொன்றையும் சொன்னேன். "எத்தனை என்ஃபீல்டு பார்த்திருப்பேன் சார்" என்றார். ரசீதில் 'பழைய முன்கட்டையை ஒட்டுதல், பூண்கள் மூன்று, பித்தளை முனை ஒன்று' என்று எழுதச் சொல்லி வாங்கினேன். பதினெட்டாயிரம் பேசி, பாதி முன்பணம் கொடுத்தேன்.

திரும்பி வந்ததைப் பார்த்ததும் யார் வீட்டுத் துப்பாக்கி இது என்று தோன்றியது. கல்யாணச் சீர்வரிசைக் கட்டில் மாதிரி பளபளவென்று இருந்தது. முனை முதல் அடி வரை ஒரே காப்பி நிறம், மேலே கனமான பாலியூரித்தேன் வார்னிஷ். வலப்பக்கம் தடவிப் பார்த்தேன், கிடங்கு முத்திரை இருந்த இடம் கண்ணாடிபோல் வழுக்கியது. லாக் தகட்டைப் பஃபிங் சக்கரத்தில் கொடுத்திருந்தார்கள். 1862-இல் கடைசி இரண்டு எண்கள் தேய்ந்து, கிரீடம் ஒரு மேடாக மட்டும் மிஞ்சியிருந்தது.

அதைவிடப் பெரிய வேலை முன்கட்டையில் நடந்திருந்தது. எங்கள் துண்டு அங்கே இல்லை. புதிதாக ஒரு மரத்தைச் செதுக்கிச் சாயம் ஏற்றி ஒட்டியிருந்தார்கள். நீலகிரியில் வளர்ந்தவனிடம் இந்த வேலை செல்லாது. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது சாயத்துக்கு அடியில் அகல அகலமான பளபளப்புப் புள்ளிகள் தெரிந்தன. தேயிலைக்கு நிழலுக்காக நட்டிருக்கிறோமே, அதே சில்வர் ஓக். வால்நட்டில் இந்த மினுக்கு வராது. பூண்கள் தகட்டை வளைத்துப் பற்றவைத்தவை. முனை மட்டும் பித்தளை, ஆனால் அதுவும் எங்களுடையது இல்லை.

பழைய துண்டு எங்கே என்று கேட்டேன். "அது பூச்சி அரிச்சது சார், தூக்கிப் போட்டாச்சு. புதுசு மாதிரி பண்ணிக் கொடுத்திருக்கேன், இன்னும் என்ன?" பூண்களையுமா பூச்சி அரித்தது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வெளியே விற்றார் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அசல் பூணையும் முனையையும் சேகரிப்பவர்கள் தேடி அலைகிறார்கள். அனுமதி இல்லாமல் துப்பாக்கிப் பாகத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க முடியாது என்பதால் இங்கே அதற்கு மதிப்பு இன்னும் கூடுதல். அவர் அதை அறியாதவர் இல்லை.

ஐப்பசி மழை முடிந்து பனி விழ ஆரம்பித்ததும் ஒட்டு விலகியது. மரம் காய்ந்தே இருக்கவில்லை. கழற்றிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: புது மரத்தைப் பொருத்த வசதியாக, அசல் கட்டையில் மேலும் இரண்டு அங்குலம் அறுத்துத் தள்ளியிருக்கிறார்கள். அடிப் பூண் உட்காரும் இடமே போய்விட்டது. அறுத்த கட்டையோடு அப்படியே விட்டிருந்தால் இன்னும் நூறு வருடம் கழித்துக்கூட யாராவது ஒட்டியிருக்கலாம். இப்போது ஒட்ட எங்களிடம் துண்டும் இல்லை, மேலே மரமும் குறைந்துவிட்டது. உப்புத்தாளில் போன முத்திரையை எந்த ஆசாரியும் திருப்பித் தர முடியாது.

ஆகவே அறுபட்ட கட்டை கையில் இருப்பவர்களுக்கு: அறுத்த துண்டு கிடைக்கவில்லையா, அல்லது குழலே குட்டையாகிவிட்டதா, எண்ணெய் தடவி வைத்துவிடுங்கள். அந்த வெட்டும் அந்தத் துப்பாக்கியின் கதைதான், தோட்டக் காவலுக்குப் போனதன் அடையாளம். துண்டு இருந்தால் மட்டும் ஒட்டுவதைப் பற்றி யோசியுங்கள். கடையின் உரிமத்தில் விற்பனையோடு பழுதுபார்த்தலும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மரவேலையை அவரே செய்கிறாரா, பக்கத்துத் தச்சுப் பட்டறைக்கு அனுப்புகிறாரா என்பதையும் கேளுங்கள். 'புதுசு மாதிரி' என்று வாயெடுத்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

உரிமம் மாற்றும்போது எடுத்த படங்களில் முத்திரையும் தகடும் தெளிவாக விழுந்திருந்ததும், ரசீதில் விவரம் இருந்ததும்தான் இப்போது எனக்குக் கைகொடுக்கின்றன. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எங்கே இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள். நான் ஊட்டியிலேயே கொடுத்தேன்.

ஆர்மரர் இன்னும் கைவிடவில்லை. அசல் துண்டு கிடைத்தால் இடையில் இரண்டு அங்குல வால்நட் வைத்து, ஒட்டை அடிப் பூணுக்குள் மறைக்கலாம், அதற்கான உரிமம் உள்ள ஒருவரிடம் தானே கூட வந்து சொல்லித் தருகிறேன் என்கிறார். ஆகையால் யாராவது உங்களிடம் என்ஃபீல்டு முன்கட்டை ஒன்றை விலைபேசினால் பாருங்கள்: பூண் இரண்டு, பித்தளை முனைக்குப் பின்னால் இடப்பக்கம் விரல் நீளத்துக்குப் பூச்சித் தடம், அறுத்த முகம் நேராக இல்லாமல் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அப்படி இருந்தால் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.