சுங்கை சிப்புட் கடையில் பருத்தி நூல்: துவாலை பின்ன எது உதவும்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் கடைத்தெருவில் தையல் சாமான் விற்கும் கடையில் பின்னல் நூல் இரண்டு தட்டு நிறைய இருக்கிறது. மேல்தட்டில் கண்ணைப் பறிக்கும் நிறங்களில் ‘மில்க் காட்டன்’, 5 பிளை (நூலின் தடிமன் அளவு; எண் கூடினால் தடிமன் கூடும்), 50 கிராம் உருண்டை. பொம்மை பின்ன அருமையான நூல். முகம் துடைக்கும் துவாலைக்கு வேண்டாம். பெயரில்தான் காட்டன், பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை இழை கலந்திருக்கும். ஈரத்தைச் சரியாக இழுக்காது. கீழ்த்தட்டில் உள்ள 8 பிளை முழுப் பருத்தியை எடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் கொடுக்கலாம்.

சீட்டு இல்லாத உருண்டையானால், வீட்டில் ஒரு துண்டு நூலைக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசனை வந்து, தொட்டதும் சாம்பல் உதிர்ந்தால் பருத்தி. உருகி, கறுத்து, மணிபோல் இறுகினால் அக்ரிலிக்.

இந்த 8 பிளை நூலுக்கு 4 மி.மீ. குரோஷா ஊசியும் (நுனியில் கொக்கி உள்ள பின்னல் ஊசி) லெமன் பீல் பின்னலும் நன்றாகப் பொருந்துகின்றன. 33 செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் ஒரு சிங்கிள் (குட்டைப் பின்னல்), அடுத்ததில் ஒரு டபுள் (உயரப் பின்னல்) என மாறி மாறிப் போனால் 32 பின்னல் வரும். திருப்பி 1 செயின். அதைப் பின்னலாக எண்ணக் கூடாது, எண்ணினால் ஓரம் கோணும். இனி ஒவ்வொரு வரிசையிலும் டபுள் மேல் சிங்கிள், சிங்கிள் மேல் டபுள். இரண்டு குட்டைப் பின்னல்களுக்கு நடுவே நெருக்குப்பட்ட உயரப் பின்னல் வெளியே புடைக்கும். எலுமிச்சைத் தோல்போன்ற சொரசொரப்பு அதில்தான் பிறக்கிறது. சிங்கிள் மேல் சிங்கிள் விழுந்துவிட்டால் மேடு மறைந்து கோடு தெரியும், அந்த வரிசையைப் பிரித்துவிடுங்கள். (இவை அமெரிக்கப் பெயர்கள். பிரிட்டிஷ் முறையில் இதே சிங்கிள் டபுள் ஆகும், டபுள் ட்ரெபிள் ஆகும்.)

சுமார் 20 செ.மீ. சதுரத்துக்கு ஓர் உருண்டை போதும். கட்டம் கட்டமாகக் குழி விழும் வாஃபிள் பின்னல் பார்க்க அழகு, ஆனால் நூலைத் தின்னும். தடிப்பாக இருப்பதால் மழைக்காலத்தில் குளியலறையில் காயாமல் வாடை அடிக்கும்.

குறையும் உண்டு. இந்த நூலின் முறுக்கு தளர்வு, கூரிய ஊசி இழைகளைப் பிளந்துகொண்டு போகும். நுனி மழுங்கிய ஊசி எடுங்கள். பருத்தி இழுத்தால் நீளாது, அதனால் அடிச் செயின் இறுகி அடிப்பக்கம் குறுகிவிடும். செயினுக்கு மட்டும் 4.5 மி.மீ. ஊசி போடுங்கள். பின்னி முடித்ததும் முனையில் 15 செ.மீ. நூல் விட்டு, மூன்று திசையில் கோத்து மறையுங்கள். ஒரே திசையில் கோத்தால் துவைக்கத் துவைக்க வெளியே வந்துவிடும்.

துவைக்கும்போது சாஃப்ட்னர் ஊற்றாதீர்கள், இழைமேல் படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும். அடர்சிவப்பு நூலை வெள்ளையோடு சேர்த்துப் பின்னும் எண்ணம் இருந்தால், முதலில் ஒரு முழ நூலை வெந்நீரில் ஊறவைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தச் சிவப்பைத் தனித் துவாலையாகவே பின்னிவிடுங்கள்.